மூன்றாம் பாட்டில் பாடும் பெண்

அண்ணா,

அப்பா தூங்கிவிட்டார். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

மேக்கனிலிருந்து நீ அனுப்பிய உன் குழுவின் இசைத்தட்டைத் திருட்டுத்தனமாகக் கேட்டேன். மூன்றாம் பாட்டில் உன் கிடார் அடங்கும் இடத்தில் ஒரு பெண் பாடுகிறாளே, யார் அது? உறையில் அவள் பெயரே இல்லை. ஆனால் சர்ச்சில் ஞாயிறுதோறும் என் பக்கத்தில் கேட்கும் குரல் அது. போன கோடையில், சித்திக்கு ஆபரேஷன் என்று அம்மா மேக்கன் வந்தாளே, அப்போதா பாடினாள்?

இன்று சர்ச் வாசலில் ராக் இசைத்தட்டுகளை எரித்தார்கள். பாஸ்டர் அப்பா என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"உன் அண்ணனோட சாத்தான் பாட்ட நீயே தீயில போடும்மா, ஊரே பாக்கட்டும்."

டீக்கன் ஹார்லன் சிரித்தார். "நரகத்துக்குப் பாட்டு நம்ம பாஸ்டர் வீட்லேருந்துதான் போகுது!"

நான் அசையவில்லை. அம்மாதான் உறையை என் கையில் திணித்தாள். "போடுடி, என்ன பராக்கு?"

போட்டேன். உறை காலியாக இருந்தது.

அப்பாவுக்குத் தெரிந்தால், உன்னைத் துரத்தியதுபோல் அம்மாவையும் துரத்திவிடுவாரா? அவளோ பயப்படவே இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு தட்டு கழுவிக்கொண்டே அந்த மூன்றாம் பாட்டை முணுமுணுத்தாள்.

அப்பா தலையாட்டிக் கேட்டார். "நல்ல ஞானப்பாட்டா இருக்கே. ஞாயித்துக்கிழம சர்ச்சுல பாடேன்."

"பாடிட்டாப் போச்சு," என்றாள் அம்மா.

உன் பயந்தாங்கொள்ளித் தங்கை