உன் படையலில் வைத்த போத்தல்

என் பிரியமுள்ள மச்சான் ராமையாவுக்கு,

எனக்கு எழுத வராதுன்னு உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல செல்வி எழுதுறா. உனக்குப் பிறகு குளுவாங் கிளினிக்கில் நம்ம வியாழக்கிழமைக் கூட்டத்தை நடத்துறது அவதான்.

கூட்டம் அப்படியேதான் இருக்கு. குடியை விட்டவங்க, விட முடியாம தவிக்கிறவங்க, தலைக்குள்ள குரல் கேக்குதுன்னு மாத்திரை வாங்க வர்றவங்க, எல்லாரும் வட்டமா உக்காந்து பேசிட்டு வீட்டுக்குப் போறோம். யார் விட்டு எத்தனை நாள் ஆச்சுன்னு இன்னமும் என்னைத்தான் கேக்குறாங்க. என் ஞாபகம் தப்பாதாம்.

முதல்ல நீ என்னைக் கூப்பிட வந்தப்ப, "நீயே பழைய குடிகாரன், எனக்கு டாக்டரா?"ன்னேன். "ஆமாலா மச்சான், அதான் உன் வாடை வாசல்லயே தெரியுது"ன்னு சிரிச்ச. அந்தச் சிரிப்புக்குத்தான் வந்தேன்.

உன் கருமாதிக்குப் படையல் போடுறப்ப உன் அண்ணன் மகன் கேட்டான்: "சித்தப்பாவுக்கு என்ன புடிக்கும் மாமா? உங்களுக்குத்தானே எல்லாம் ஞாபகம் இருக்கும்."

நீ ஒன்பது வருஷமா குடியைத் தொடலைன்னு எனக்குத் தெரியாதா? பால் விடாத கோப்பி ஓவும் ரெண்டு பிஸ்கட்டும்தான் உன் விருந்துன்னு தெரியாதா? "ஸ்டவுட் பீர்"ன்னு வாய் சொல்லிருச்சு. இல்ல, வாய் சொல்லல, நான்தான் சொன்னேன். படையல் முடிஞ்சா அது யார் கைக்கு வரும்னு தெரிஞ்சேதான் சொன்னேன்.

உன் படத்துக்கு முன்னால போத்தலைப் பார்த்து, "பாவம், கடைசிவரைக்கும் விடல போல"ன்னு ஒருத்தர் சொன்னாரு. அதையும் கேட்டுக்கிட்டு நின்னேன். அப்புறம் உன் பேரைச் சொல்லிக் குடிச்சேன்.

அடுத்த வியாழன் என் நாள் கணக்கு கேட்டாங்க. ஒரு நாளும் குறைக்காம நானூத்திச் சொச்சம்னு சொன்னேன். கை தட்டினாங்க மச்சான்.

இதைச் சொன்னப்ப செல்வி பேனாவைக் கீழ வெச்சுட்டா.

"அப்ப நெசமா எத்தனை நாள் ஐயா?"

"முப்பத்தொன்பது."

"அப்படியே எழுதவா?"

"எழுதும்மா."

அவ ஏசியிருந்தாத் தேவலை. நீ இருந்தா என்ன சொல்லியிருப்ப?

வர்ற வியாழன் வட்டத்துல இதை அவ படிப்பா. நான் எழுந்து ஓடாம உக்காந்திருப்பேன். உன் அண்ணன் மகன் வீட்டுக்கும் போய், நீ சுத்தமா விட்ட மனுஷன்னு சொல்வேன். திவசத்துக்கு உன் இலையில கோப்பி ஓதான் இருக்கும். நானே கலக்கி வெப்பேன்.

பெருவிரல் வெச்சிருக்கேன்,
உன் தங்கச்சி புருஷன், உன் பேரைக் கெடுத்த மச்சான்
முனியாண்டி