பத்தொன்பது மணி நேரம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

அவளைப் பள்ளியில் விட்டு நீங்கள் திரும்புவதற்குள் டாக்சி வந்துவிட்டது. நீங்கள் போட்ட கணக்கு சரிதான். பதினோராயிரம் கிலோமீட்டர், நடுவில் விமானம் மாறி, மொத்தம் பத்தொன்பது மணி நேரம். என் அப்பாவை இன்று மாலையே எடுத்துவிடுவார்கள் என்று தம்பி சொல்லிவிட்டான். "முகத்தைக்கூடப் பார்க்க முடியாது, போய் என்ன பண்ணப் போற?" என்று கேட்டீர்கள். 

மதியச் சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. மிச்சத்தை ஆறிய பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். என் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம். தாத்தா போனதைப் பாப்பாவிடம் நானே வந்து சொல்கிறேன். நீங்கள் சொல்ல வேண்டாம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: தம்பி போனை வைத்ததும், நாளைக்கு நான் ஆபீசுக்குப் போட வேண்டிய சட்டையை எடுத்து இஸ்திரி போட்டேன். அழுகை வரவில்லை. இங்கேயே இருந்தால் நாளைக்கு அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன். அந்தப் பயத்தில்தான் போகிறேன்.