ஜன்னலில் வைத்த ரோஜாப் படம்

இன்று காலை ஆம்பூர் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடி விற்கிறவன் சரக்கைப் பரப்பியிருந்தான். பெரியவர் ஒருவர் வட்டக் கண்ணாடி ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் மாமனாரின் கண்ணாடியும் அப்படித்தான் இருக்கும். பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போக வேண்டியவள், உன் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன். அங்கே தெரிந்துகொண்டதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

தோல் வியாபாரமாக மதராஸ் போன உன் கணவர் உனக்கு ஒரு பெட்டி கேமரா வாங்கி வந்தார். அப்போது நான் அடுத்த வீட்டில் குடியிருந்தேன். நீ கோஷாவில் இருந்தவள், வெளியே போகமாட்டாய். பின்கட்டுத் தோட்டம்தான் உனக்குக் கிடைத்த உலகம். பூவைக் கிட்டே வைத்து எடுத்தால் படம் கலங்கிப் போயிற்று. மாமனாரின் வாசிப்புக் கண்ணாடியை கேமராவின் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்க்கலாம் என்று உனக்கு எப்படித்தான் தோன்றியதோ. இரண்டு முழம் கயிறு கட்டித் தூரத்தை அளந்துகொண்டாய். கண்ணாடி கேட்டு நீ போய் நிற்கும்போதெல்லாம் அவர் செய்தித்தாளை மடித்துவிட்டுக் கழற்றிக் கொடுப்பார்.

சுருளுக்கு எட்டுப் படம். அதைக் காட்பாடிக்கு ரயிலில் கொண்டுபோய், அங்கிருந்து வண்டி பிடித்து வேலூர் ஸ்டூடியோவில் கழுவி வாங்கி வருவது என் வேலை.

அன்றைக்குக் காற்று நிற்கவேயில்லை. பன்னீர் ரோஜா ஆடிக்கொண்டே இருந்தது. கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு நீ காம்பைப் பிடித்துக்கொண்டாய். விசையைத் தட்டியவள் நான். படத்தில் பூவோடு உன் நான்கு விரல்களும் நட்சத்திர மோதிரமும் விழுந்திருந்தன. அத்தனை படத்திலும் அதுதான் அழகு. கடை ஜன்னலில் வைக்கலாமா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். நான் எடுத்த படமாயிற்றே என்ற பெருமையில், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். உன்னைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் சொந்தக்காரர் ஒருவர் மோதிரத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். வீட்டுப் பெண்ணின் கை வேலூர்க் கடைவீதியில் இருக்கிறது என்று பேச்சாகிவிட்டது. உன் மாமனார் ஆள் அனுப்பிப் படத்தை எடுத்துவரச் செய்தார். கேமரா இரும்புப் பெட்டிக்குள் போயிற்று.

மறுநாள் நான் வந்தபோது நீ செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். திரும்பாமலேயே சொன்னாய்: "கடைக்காரரு கேக்காமலே வெச்சுட்டாரு போல. இதுல உங்க தப்பு இன்னா இருக்குது, அக்கா?"

நான் தலையாட்டினேன்.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் அந்த வீட்டுக் கதவு எனக்கு மூடிவிடுமோ என்று பயம். இரண்டு வருஷம் அப்படியே போனது. நீ வழக்கம்போல டீ கொடுத்தாய், பூச்செடி பற்றிப் பேசினாய். பேச்சு நின்றுபோகும் நேரங்களில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். அதை நான் பிரியம் என்று எடுத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் உனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது நான் விடுமுறைக்குக் குடியாத்தம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இன்று உன் மாமனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சம்மதம் கொடுத்தவள் நான்தான், கடைக்காரர் மேல் பழி விழட்டும் என்று விட்டுவிட்டேன் என்றேன். அவருக்கு இப்போது பார்வை சரியாக இல்லை. என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார்.

"அவளுக்குத் தெரியும், டீச்சரம்மா," என்றார். படத்தை எடுத்துவரப் போன ஆளிடம், நான் சம்மதித்ததை ஸ்டூடியோக்காரர் அன்றைக்கே சொல்லிவிட்டாராம். இனி அந்த டீச்சரம்மா வர வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னபோது, நீதான் குறுக்கே நின்றாயாம். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"'அவங்களே வந்து சொல்லுவாங்க மாமா, நாம கேக்க வேணாம்'னு சொன்னாம்மா."

அவர் டீ கொண்டுவரச் சொன்னார். என்னால் குடிக்க முடியவில்லை.

அன்று செடிப் பக்கம் திரும்பி நின்றபடி நீ கேட்டது எனக்குச் சொன்ன ஆறுதல் இல்லை. நான் உண்மையைச் சொல்ல நீ வழிவிட்டு நின்ற இடம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில் நின்றிருக்கிறாய். உன் கோபத்தையாவது கொடுத்துவிட்டுப் போயிருந்தால் நான் எங்காவது இறக்கி வைத்திருப்பேன். நீ காத்திருந்த இரண்டு வருஷத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.