மாத்திட்டேன் என்று நான் சொன்ன அந்த ஒரு வரி

என் உயிர் மாப்ளே சாதிக்,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தவன் ஐந்தாம் நாள் இல்லை. இப்போது மாசி. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி பஸ்ஸில் வந்தால் இரண்டு பக்கமும் அறுப்பு மெஷின்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறதுடா.

நம் வாய்க்கால் விவசாயிகள் சங்கத்துக்கு நீ எழுதிக்கொடுத்த ப்ரோகிராமைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எந்த வயலுக்கு என்றைக்கு மடை திறந்தது, யாருடைய முறை இன்னும் வரவில்லை என்பதையெல்லாம் செயலாளர் கலியபெருமாள் அண்ணன் நோட்டில் எழுதிச் சண்டை தீர்த்துக்கொண்டிருந்தார். நீ அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாய். "இனிமே நோட்டு எதுக்குண்ணே, மூட்டை கட்டி வைங்க" என்று அவரிடம் சொன்னது நான்.

மார்கழிக் கடைசியில் அது அத்தனையும் போய்விட்டது, மாப்ளே. இன்வெர்ட்டர் பேட்டரி மாற்றுவதற்காகச் சங்கத்துக் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் அணைத்தார்கள். திரும்பப் போட்டதும் ப்ரோகிராம் சமர்த்தாக வந்து நின்றது. கட்டம் எல்லாம் இருந்தது, உள்ளே ஒரு பெயர் இல்லை. ஒரு எரராவது காட்டியிருக்கலாம்.

ஊரில் உன் பெயர்தான் அடிபடுகிறது. "செத்துப்போன புள்ளய என்னத்த சொல்றது, ஏதோ அரைகுறையா போட்டுட்டுப் போயிட்டான், பாவம்" என்கிறார்கள். திட்டினால்கூடப் பரவாயில்லை, இரக்கப்பட்டுச் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நான் டீ குடித்திருக்கிறேன். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆவணியில் ப்ரோகிராமை மாட்டிக் காட்ட வேண்டிய அன்று உன் தங்கச்சி நிக்காஹ். நீ நாகப்பட்டினத்தில் இருந்தாய், நான்தான் போனேன். எல்லாவற்றையும் டிஸ்க்கில் சேர்த்து வைக்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரின் டவுன்லோடு பாதியில் நின்றுவிட்டது. இருபது பேர் துண்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள், போண்டா வேறு வந்துவிட்டது. சரி என்று, நீ டெஸ்டுக்காக வைத்திருந்த செட்டிங்கைப் போட்டு ஓட்டினேன். அது மெமரியில் மட்டும் நிற்கிற டேட்டாபேஸ். மெஷின் அணைந்தால் அதுவும் அணைந்துவிடும். சோதித்துப் பார்க்க வேகமாக இருக்கும், முடிந்ததும் தானே துடைத்துப் போட்டுவிடும், அதற்காகத்தான் நீ வைத்திருந்தாய்.

உன் வேலை சுத்தமாக இருந்ததுதான் எனக்கு வினையாகிப்போனது. விவசாயி, மடை, முறை என்று நீ பெயர் வைத்து எழுதிவிட்டாய். அவற்றை அட்டவணையாக்கி டேட்டாபேஸில் சேர்ப்பதும் எடுப்பதும் நடுவில் நிற்கிற ஓஆர்எம் என்கிற சாஃப்ட்வேரின் வேலை. கீழே எந்த டேட்டாபேஸ் இருக்கிறது என்று மேலே எழுதியிருப்பதற்குத் தெரியவே தெரியாது. டிஸ்க்கில் சேர்ந்தாலும் மெமரியில் நின்றாலும் ஸ்கிரீன் ஒன்றுதான். செட்டிங் ஃபைலில் ஒரு வரி, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கே உன்னிடம் இதைச் சொல்லியும் வைத்தேன். அடுத்த வாரம் நீ போன் பண்ணினாய், ஞாபகம் இருக்கிறதா?

"அந்த வரிய மாத்திட்டியாடா?"

"மாத்திட்டேன் மாப்ளே."

மாற்றவில்லை. சனிக்கிழமை போகும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எத்தனை சனிக்கிழமை போனேன், மறந்தே போனேன். எதற்காக அந்தப் பொய்? பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன், பேச்சை முடித்தால் போதும் என்று இருந்தது.

அப்படியும் ஒரு வாரத்தில் தெரிந்திருக்க வேண்டியது. எந்த ஆபீஸில் கம்ப்யூட்டரை அணைக்காமல் வைப்பார்கள்? நம் கலியபெருமாள் அண்ணன் வைத்தார். "காப்புக் கட்டிட்டா ஊர் எல்லையத் தாண்டுவமா? தண்ணி வந்துட்டா இதையும் அணைக்கக் கூடாது தம்பி" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். ஒரு புது இன்வெர்ட்டரும் வாங்கிப் போட்டார். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அவர் அப்படிக் காவல் காத்ததால்தான் என் தப்பு நாலு மாதம் உயிரோடு இருந்தது.

அழிந்த பிறகு வாய்க்கால் நெடுக நடந்து ஒவ்வொருவரிடமும் கேட்டேன். தன் வயல் காய்ந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, பாய்ந்தது யாருக்கும் ஞாபகம் இல்லை. கடைமடையில் குத்தகைக்கு மூன்று மா நிலம் போட்டிருக்கிற ருக்மணி அக்காவுக்கு இரண்டு முறை பாக்கி இருந்தது. "அதான் உனக்குப் பாஞ்சிடுச்சே" என்று மேலே இருக்கிறவர்கள் அடித்துச் சொன்னார்கள். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் பாதிக்கு மேல் பதராகப் போய்விட்டது. அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. "ரெண்டு பேரும் படிச்ச புள்ளைங்கன்னு நம்புனோம் தம்பி" என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போய்விட்டார்.

போன வாரம் உன் அத்தாவின் கடைக்குப் போனேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"செந்திலு, அவன் எதையும் ரெண்டு தடவ பாக்குற புள்ளதானப்பா? கடைசில உடம்பு முடியாம கவனிக்காம விட்டுட்டானோ?"

"தெரியல மாமா" என்றேன். 'தெரியல' என்றேன், மாப்ளே. அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தராசை எடுத்தார். பெற்ற பிள்ளையை மண்ணில் வைத்த மனுஷன், அவன் வேலையையும் சந்தேகப்படும்படி விட்டுவிட்டு வந்தேன். சே, நானெல்லாம் ஒரு ஆளா?

செட்டிங்கை இப்போது மாற்றிவிட்டேன். மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், பெயர்கள் நிற்கின்றன. அதனால் யாருக்கு என்ன? ருக்மணி அக்காவின் நெல் திரும்பி வராது. அடுத்த சாகுபடிக்கு அவர் வயலில் என் இரண்டு கையும் உண்டு. வேண்டாம் என்று அவர் விரட்டினாலும் போவேன்.

நாளைக் காலை கடை திறந்ததும் இந்தக் கடிதத்தை அத்தாவுக்கு நானே வாசித்துக் காட்டுவேன். பிறகு சங்கத்தின் கதவில் ஒட்டுவேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும். அத்தா என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை எழுந்து போக மாட்டேன்.

இப்படிக்கு,
உன் பெயரைக் கெடுத்த, உன் மச்சான்
செந்தில்