நீ பார்க்காத வெயிலுக்கு எழுதிய எண்கள்

என் உயிர் மச்சான் ஜெரால்டுக்கு,

உன் ஜீப் மறுபடியும் ஒழுங்காக ஓடுகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ அங்கேயும் காலை ஆட்டிக்கொண்டு, "ஏல, கதை அளக்காம விஷயத்துக்கு வா" என்பாய்.

நீ பிப்ரவரியில் போனாய். கராஜில் சாப்பிடக் கை கழுவப் போனவன் குழாயடியிலேயே சரிந்தாய். உன்னைப் பெட்டியில் வைத்துத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், மேஜையில் உன் லேப்டாப் திறந்தபடி கிடந்தது. அதை மூட எனக்கு ரொம்ப நாள் மனசு வரவில்லை.

மெர்லின் ஊருக்குத் திரும்பவில்லை. உன் பெண்டாட்டி என்றாலும் என் தங்கச்சி அல்லவா, பிடிவாதத்துக்குக் கேட்கவா வேண்டும்? அஜ்மானில் அதே ஃபிளாட், ஷார்ஜாவில் அதே நர்ஸ் டியூட்டி. ரியாவைப் பள்ளியில் விட்டுவிட்டு உன் ஜீப்பில்தான் போய்வருகிறாள். காலையில் சாவியைத் திருப்பியதும், அதன் கம்ப்யூட்டரில் நீ எழுதி வைத்தபடியே ஓர் உறுமல் உறுமி, மெல்ல அடங்கும். பின்சீட்டிலிருந்து ரியா, "டாடி எழுந்துட்டாங்க" என்கிறாளாம். இதைச் சொன்னபோது மெர்லின் அழவில்லை. நான்தான் அழுதேன்.

ஜூன் பிறந்ததும் வண்டி மக்கர் பண்ணத் தொடங்கியது. ஏசியைப் போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் என்ஜின் திணறும், பிறகு பொட்டென்று அணைந்துவிடும். ஒரு மதியம் நடு லேனிலேயே நின்றுவிட்டது. பின்னால் ஓயாத ஹாரன், உள்ளே அனல். ரியா துவண்டு போய்விட்டாள். யாரோ இறங்கி வந்து தள்ளி ஓரம் சேர்த்தார்கள்.

வண்டியின் கம்ப்யூட்டர்மேல் பழி போடுவதற்கு முன் சாதாரணக் கோளாறுகளைப் பார்க்க வேண்டும் என்பதில் நாம் இருவரும் ஒரே கட்சி. பேட்டரியைப் பார்த்தேன். என்ஜின் குழாய்களுக்குள் புகை விட்டு எங்காவது காற்று கசிகிறதா என்று தேடினேன். சென்சாரைக்கூட மாற்றிப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். பக்கத்துப் பட்டறை இம்ரான் பாய் எட்டிப் பார்த்து, "கம்பெனி ஃபைலையே திரும்பப் போட்டுடு பாய், கலாஸ், வேலை முடிஞ்சுது" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்ல மனுஷன்தான். ஆனாலும் நீ எழுதியதையெல்லாம் அழிக்கச் சொன்னவரோடு அன்று முழுக்க நான் பேசவில்லை.

நீ எழுதிய எண்களைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்று மெர்லினிடம் சொன்னேன். அவள் முகமே மாறிவிட்டது.

"அண்ணே, பஸ்ஸுல கூடப் போய்க்கிடுதேன். அவுக போட்டதுல கை வைக்காத."

"அதுக்காவ பிள்ளைய வச்சுக்கிட்டு நடுரோட்டுல நிப்பியா?"

ஜீப் சாவியை என்னிடம் நீட்டி, "பாரு. ஆனா அழிச்சிராத" என்றாள்.

உன் லேப்டாப்பை வண்டியில் மாட்டினேன். உடனே திரையில் ஒரு கேள்வி வந்தது. லேப்டாப்பில் இருக்கும் எண்களும் வண்டியில் இருக்கும் எண்களும் ஒத்துப்போகவில்லை, எதை வைத்துக்கொள்வது? எதையும் தொடாமல் கையை எடுத்துவிட்டேன், மச்சான். கடைசியாக நீ வண்டி ஓடும்போதே மாற்றியதையெல்லாம் வண்டியில் மட்டும் பதித்துவிட்டு, லேப்டாப்பில் சேமிக்காமல் எழுந்து போயிருக்கிறாய். நம் தொழிலில் எல்லோரும் செய்கிற கிறுக்குத்தனம். நான் தப்பான பொத்தானை அழுத்தியிருந்தால் உன் கடைசி வேலை மொத்தமும் அந்த நொடியே போயிருக்கும். மாதாவை வேண்டிக்கொண்டு, வண்டியில் இருப்பதை எடுத்துச் சேமித்தேன்.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன். உள்ளே போகும் காற்றின் சூட்டுக்கு ஏற்றபடி பெட்ரோலைத் திருத்துகிற அட்டவணை. குளிர்காலக் கட்டங்களில் ஒவ்வோர் எண்ணும் நீ இழைத்து இழைத்து வைத்தது. சூடு ஏற ஏற, ஓர் இடத்துக்குப் பிறகு ஒரே எண் கடைசி வரை அப்படியே நீண்டு கிடந்தது. அங்கே நீ வரவே இல்லை.

நினைவு வந்தது. இந்த ஊரில் எண் எழுதும் வேலை பாதி ஜனவரியில், மீதி ஆகஸ்டில் என்பது நம் வழக்கம்தானே? "வெயில் வரட்டும்ல. இப்பவே எழுதினா அது பொய் எழுத்து" என்று சொல்லிச் சிரித்தாய். வெயில் வந்தது. உன் வண்டிக்கு ஜனவரி மட்டும்தான் தெரிந்திருந்தது. காற்று மெலிந்தும் பெட்ரோல் குறையவில்லை. அதனால்தான் மூச்சுமுட்டி நின்றிருக்கிறது. உனக்கு ஏன் அவ்வளவு நம்பிக்கை, மச்சான்? ஆகஸ்டு உனக்கும் வரும் என்று யார் சொன்னது?

எப்போதும் நான் ஓட்டுவேன், பக்கத்து சீட்டில் நீ லேப்டாப்போடு உட்காருவாய். இந்த முறை மெர்லின் ஓட்டினாள். உன் இடத்தில் நான். உச்சிவெயிலில் ஏசியை முழுக்க வைத்துச் சிக்னல் சிக்னலாக நின்றோம். நீ நிறுத்திய கட்டத்துக்கு அடுத்த கட்டத்திலிருந்து எழுதினேன். உன் எண்கள் ஒன்றையும் தொடவில்லை. ஒவ்வோர் எண்ணை அடிக்கும்போதும் தோளுக்குப் பின்னால் நீ குனிந்து பார்க்கிற மாதிரியே இருந்தது. ஒருதடவை திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன்.

வண்டி நிற்கவில்லை. திரும்பி அஜ்மான் ஃபிளாட்டின் தரையடிப் பார்க்கிங்கில் இறங்கினோம். உள்ளே குளுமை. திரையில் சூடு இறங்கி இறங்கி, அப்போதைய சூட்டைக் காட்டும் புள்ளி என் கட்டங்களிலிருந்து உன் கடைசிக் கட்டத்துக்குள் நகர்ந்தது. என்ஜின் சத்தம் இலேசாக மாறியது. மெர்லின் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவளுக்குத் திரை தெரியாது, அவள் அதைப் பார்க்கவும் இல்லை.

"அண்ணே," என்றாள் மெதுவாக. "அவுக வந்துட்டாக."

எண் மாறியது, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் என்ஜினை அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மச்சான், ஒரு வாக்குத் தருகிறேன். வெயிலை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் பெண்டாட்டியும் பிள்ளையும் இனி நடுரோட்டில் நிற்க மாட்டார்கள். டிசம்பர் வரும். கிறிஸ்துமஸ் பூசைக்கு அவர்கள் கிளம்புகிற அந்தக் குளிரில் வண்டி முழுக்க முழுக்க உன் எண்களில்தான் ஓடும். நீயே கூட்டிக்கொண்டு போ. அந்தக் கட்டங்கள் பக்கம் நான் வரமாட்டேன்.

உன் சீட்டில் உட்கார்ந்துவிட்டு வந்த,
உன் மச்சான்,
மெர்லினின் அண்ணன் சகாயம்