அக்காவின் உணவு அட்டை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அத்தான் லாரியிலிருந்து விழுந்து ஒன்றரை வருடம் ஆகப்போகிறதே, எழுந்து நடக்கிறாரா? மருமகள் ஒழுங்காகப் படிக்கிறாளா?

இதோடு ஒரு செய்தித்தாள் துண்டு வைத்திருக்கிறேன். இலவச உணவு அட்டைகளைக் குறைக்கலாமா என்று அரசாங்கம் கருத்துக் கேட்கிறதல்லவா? குறைக்கத்தான் வேண்டும் என்று நான் எழுதியதை முழுசாகப் போட்டிருக்கிறார்கள். எனக்கு 'வக்கீல்' என்று பட்டப்பெயர் வைத்தவளே நீதானே, கடைசிப் பத்தியைப் படித்துப் பார். "என் அக்காவின் கணவர் படுக்கையில் இருக்கிறார். அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் உழைத்து, யாரிடமும் கையேந்தாமல் குடும்பம் நடத்துகிறாள். அவளால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது?"

என் வெல்டிங் பட்டறையில் ஒரே கொண்டாட்டம். ஃபிட்டர் அதை வெட்டிச் சுவரிலேயே ஒட்டிவிட்டார். உன்னால் எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது.

அன்புத் தம்பி,
வக்கீல்


மார்ச் 11

அன்புத் தம்பி வக்கீலுக்கு,

நீ எழுதியதை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியில் நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்திட்டே?" என்றார். "எழுத்து சரியாத் தெரியலை" என்று சொல்லிவிட்டேன்.

போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கு விசாரணை ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். போன ஜூனிலிருந்து எங்களிடம் உணவு அட்டை இருக்கிறது. போன மாதம் நீ வந்து கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாயே, அதுவும் அட்டை அரிசிதான். நீ குறை சொன்னதாக ஞாபகம் இல்லை.

அது சுலபமாகக் கிடைக்கவில்லை. விண்ணப்பத்தில் 'குடும்பத்துக்கு ஆதரவாக இருப்பவர்' என்று ஒரு கட்டம். நீ குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது 'யாரும் இல்லை' என்று எப்படி எழுதுவேன்? கை வரவில்லை. 'தம்பி' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆதரவுக்குத் தம்பி இருக்கிறார், தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரம் நானும் உன் அத்தானும் ஒருவரிடம் ஒருவர் "பசிக்கலை" என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

மறுபடியும் அட்டை ஆபீசுக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள், "தம்பி மாசாமாசம் குடுக்கிறாராம்மா?" என்று கேட்டார்.

"கேட்டா குடுப்பான்."

"கேட்டீங்களா?"

"இல்லை."

அவர் சிரிக்கவில்லை. புதுப் படிவம் ஒன்றை எடுத்து, "பாசத்தை இதுல எழுதக் கூடாதும்மா. அதுக்குக் கட்டம் கிடையாது" என்று சொல்லித் தன் பேனாவையே கொடுத்தார். 'யாரும் இல்லை' என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்னால் நின்றவர்கள் பார்க்காதபடி அவர் எழுந்து வந்து என்னை மறைத்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மாளை நினைக்காமல் ஒரு நாளும் நான் உலை வைப்பதில்லை. அவர் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கட்டும். அட்டை வந்ததால் நான் வேலையை விட்டுவிடவில்லை, தம்பி. ஈரப் போர்வைகளைத் தூக்க வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உன் அக்கா


மார்ச் 15

அக்கா,

நான் என்ன செத்தா போய்விட்டேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூட்டை மூட்டையாக இறக்கியிருக்க மாட்டேனா? 'யாரும் இல்லை' என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? இனி நாலு பேர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

தம்பி


மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

நீ கொடுத்திருப்பாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு உன் வீட்டுப் படியேறும்போதெல்லாம் உன் மனைவி என்ன நினைக்கிறாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீ தப்புச் செய்தாலும் தட்டிக் கேட்க வாய் வராது. கவுன்ட்டரிலோ ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அந்த அட்டை இருந்ததால்தான் நான் உனக்கு அக்காவாகவே இருக்கிறேன். இதோ, இப்போது உன்னைத் திட்டவும் முடிகிறது.

என்மேல் கோபம் இருந்தால் வைத்துக்கொள். ஆனால் என்னைச் சாட்சியாக நிறுத்தி அடுத்தவர் சோற்றைக் குறைக்காதே.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் உனக்குப் பதில் எழுத எனக்கு முகமில்லை.

நேற்று பட்டறையில் டீ குடிக்கும் நேரத்தில் சுவரில் இருந்த துண்டைக் கிழித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க அக்காவும் அட்டைலதான் வாங்குறாங்க. எனக்கே இப்பதான் தெரியும்" என்றேன். ஃபிட்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்க வீட்லயும் இருக்கு சார். அஞ்சு வருஷமா" என்றார்.

"அப்புறம் ஏன்யா அதை ஒட்டினே?"

"நீங்க முதலாளியாச்சே சார்."

நாள் முழுக்க என்னிடம் உழைக்கிறவர் அவர். நான் கொடுக்கும் கூலி அவர் வீட்டு அடுப்புக்குப் போதவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மாதம் கூட்டிக் கொடுக்கிறேன். ரொம்பக் கூட்ட முடியாது, ஆனாலும் கூட்டுகிறேன்.

பத்திரிகைக்கும் எழுதிவிட்டேன். என் அக்காவைப் பற்றித் தெரியாமல் எழுதினேன், அந்த அட்டைதான் அவளைக் கைவிடாமல் பார்த்துக்கொண்டது, அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியவன் என்று. போடுவார்களோ மாட்டார்களோ, எனக்குத் தெரியாது. கவுன்ட்டர் அம்மாளைப் பார்த்தால் நான் கும்பிட்டதாகச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை நானும் உன் தம்பி பெண்டாட்டியும் வருகிறோம். வழக்கமாகக் கொண்டுவரும் பை நிறையச் சாமான் இந்தத் தடவை இருக்காது. கையை வீசிக்கொண்டுதான் வருவோம். கடையில் எதுவும் வாங்கி வைக்காதே, வீட்டில் இருப்பதைப் போடு. உன்னிடம் வாங்கிச் சாப்பிட எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, அக்கா.

உன் தம்பி