புது ஏசி யார் பேர்ல

என்னங்க,

மத்தியானம் ஏசி மாட்ட ஆள் வருவாங்க. கட்டிலைத் தள்ளிப் போட்டு வைங்க. மெக்கானிக் கையை விரிச்சுட்டார். பழசை ரிப்பேர் பண்ணினா சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதானாம். இந்த வெயில்ல உங்கப்பாவுக்கு மூச்சு முட்டுது. அதனாலதான் நர்சிங் பரீட்சைக்குச் சேத்து வச்சதை எடுத்துக் கொடுத்தேன். "அடுத்த வருஷம் எழுதிக்கோ"ன்னீங்க. போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க.

அதுகூடப் போகட்டும். நேத்து உங்க அக்காகிட்ட போன்ல, "நான்தான் புது ஏசி வாங்கிப் போடுறேன்"னு சொன்னது சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு.

சோறு குக்கர்ல இருக்கு. அப்பாவுக்குக் குழைச்சுக் கொடுங்க.

பி.கு.: வாரண்டி அட்டையில யார் பேரை எழுதணும்னு கேப்பாங்க. என் பேரைச் சொல்லுங்க. முழுப் பேர் ஞாபகம் இருக்குல்ல?